கட்லட் சுற்றிய கடதாசி

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். மூக்கின் மேல் இருந்தால் கொஞ்சமாவது யோசித்துவிட்டு இறங்கும். என்னுடையது நாக்கிலேயே குடியிருக்கிறது. கொழும்பில் என்னோடு டிசைன் படித்த பிள்ளைகள் ஏசி போட்ட விளம்பரக் கம்பனிகளில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்து, கோப்பிக் கோப்பையோடு படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில், நான் கல்முனையில் ஓர் அச்சகத்தின் பின்னறையில் உட்கார்ந்து மனிதர்களுக்குக் கோட் மாட்டிக்கொண்டிருந்தேன். சாரத்தோடும் சேர்ட்டோடும் வந்து படம் எடுத்தவருக்குக் கணினியில் கோட்டும் டையும் போட்டு அனுப்புகிற வேலை. "பயிற்சி எப்பிடிப் போகுது?" என்று தோழி யாராவது கேட்டு எழுதினால் போனைத் தூக்கிக் கடலில் எறியலாம் போல இருக்கும்.

ஊரில்தான் பயிற்சி என்பது வாப்பாவின் தீர்ப்பு. வாப்பா வயல் செய்கிறவர். அவருக்கு வருடம், தவணை எதுவும் கிடையாது, போகம்தான் கணக்கு. "இந்தப் போகத்தோட படிப்ப முடிச்சிரு மகள். கொழும்புல அறை எடுத்து இன்னொரு போகம் வெச்சிருக்க என்னால ஏலா" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. அதட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மெல்லச் சொன்னதால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

கடைசித் தவணைக்கு வகுப்பு இல்லை. தொழிற்பயிற்சிதான் பாடம், அதற்குரிய புள்ளி கிடைக்காமல் படிப்பு முடியாது. அந்தப் புள்ளிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. உண்மையான ஒரு வாடிக்கையாளருக்காக மாணவி தன் கையால் தொடக்கத்திலிருந்து செய்த வேலை ஒன்று, அறிக்கை கொடுக்கும் நாளில் மக்கள் பாவனையில், கையில் புழங்கிக்கொண்டு, இருக்க வேண்டும். பாவனையில் இருப்பதற்குப் படத்தோடு சான்றும் வேண்டும். எங்களுக்குப் பொறுப்பான விரிவுரையாளரை நாங்கள் மிஸ் என்போம். "கணினிக்குள்ள கிடக்கிற டிசைன் எனக்குத் தேவையில்லை" என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புள்ளி போனால் இன்னொரு தவணை. இன்னொரு தவணைக்கு வாப்பாவிடம் போகம் இல்லை. என் நிலைமை அவ்வளவுதான்.

அச்சக முதலாளியைக் காக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் ஊரில் அண்ணன் முறையில் எவரும் காக்காதான். வாப்பாவுக்குத் தெரிந்தவர், நல்ல மனிதர், டிசைன் என்ற சொல்லை மட்டும் அவருக்குப் பிடிக்காது. தேர்தல் வந்தால் போஸ்டர். வராவிட்டால் கல்யாணக் கார்ட், மரணம் சொல்லும் ஜனாஸா அறிவித்தல், அறுகம்பே விடுதிகளுக்கு அலை போட்ட டீசேர்ட். இதற்கெல்லாம் எதற்கு ஒரு படிப்பு என்பது அவருடைய கேள்வி. "கஸ்டமர் சிவப்பக் கேட்டா சிவப்பக் குடு புள்ள. பச்ச நல்லம் என்டு நீ கதைச்சிட்டு நிண்டா அவன் மருதமுனைக்குப் போயிருவான்" என்பார். நான் பச்சைதான் நல்லம் என்று கதைத்துக்கொண்டு நிற்பேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்.

பயிற்சிக் காலம் பாதிக்கு மேல் கழிந்த பிறகுதான் எனக்கென்று ஒரு வேலை வந்தது. கல்முனைக்குடியில் பேக்கரி வைத்திருக்கிற ஒருவர் வந்தார். கட்லட்டையும் ரோல்ஸையும் பழைய பத்திரிகையில் சுற்றிக் கொடுக்கக் கூடாது என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டுப் போனாராம். சுற்றுவதற்குச் சுத்தமான கடதாசி வேண்டும், அதில் ஏதாவது அடித்துத் தர வேண்டும். "என்ன அடிக்கிற?" என்று காக்கா கேட்டார். "என்னத்தையாச்சும்" என்றார் அவர். அந்த 'என்னத்தையாச்சும்' என் காதில் தேனாக விழுந்தது. சின்ன வேலை என்று காக்கா அதை என் பக்கம் தள்ளிவிட்டார்.

எங்கள் எழுத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். ட ஏற்கெனவே ஒரு மூலைமட்டம். ப மூடியில்லாத பெட்டி. ம அந்தப் பெட்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. வளைவை எடுத்துவிட்டால் தமிழ் எழுத்தை அப்படியே சதுரம் சதுரமாக அடுக்கலாம் என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். கவும் லவும் நேராக நிற்க மாட்டோம் என்று அடம் பிடித்தன. அவற்றைவிட எனக்கு அடம் கூட. பேக்கரியில் விற்கிற பண்டங்களின் பெயர்களையே எடுத்தேன். கட்லட், ரோல்ஸ், பற்றிஸ், மாலு பணிஸ். மீன் வைத்த பணிஸை இங்கே யாரும் மீன் பணிஸ் என்று சொல்வதில்லை. சிங்களத்து மாலு எங்கள் வாயில் எப்போதோ ஏறிவிட்டது. நாலு சொற்களையும் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, இடைவெளி தெரியாமல், கடதாசி முழுக்க ஓடுகிற கோலமாக்கினேன்.

புள்ளிகள்தான் கரைச்சல் தந்தன. ட்டுக்கும் ல்லுக்கும் ஸ்ஸுக்கும் தலைக்கு மேல் புள்ளி வேண்டும். வட்டமாக வைத்தால் நேர்கோடுகளுக்கு நடுவில் பொருந்தாமல் உருண்டு நின்றன. கடைசியில் ஒரு சின்னச் சதுரத்தைத் திருப்பி, தொதல் துண்டு மாதிரிச் சாய்சதுரமாக வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு நானே எனக்கு மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டேன்.

கடும் மண்ணிறத்தில் அச்சாகி வந்தபோது காக்காவே இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இரிக்கி" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது லேசுப்பட்ட காரியமில்லை. பேக்கரிக்காரரும் சந்தோசமாக எடுத்துப் போனார். இரண்டொரு நாளில் நான் ஸ்கூட்டியில் அந்தப் பக்கமாகப் போய்ப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்தவர்கள் கடதாசியைக் கசக்கவில்லை. பக்குவமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். ஒரு பெண் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்து போனதையும் கண்டேன். என் நெஞ்சு எப்படிப் பூரித்தது என்று சொன்னால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கொழும்புத் தோழிகளுக்கு அன்றைக்கே எழுதினேன். எங்கள் ஊர் மக்களுக்குக் கலை தெரியாது என்று யார் சொன்னது என்றுகூட எழுதினேன்.

அடுத்த கிழமை பேக்கரிக்காரர் அச்சகத்துக்கு வந்தார். கூடவே ஒரு பையோடு, எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த சேரும் வந்தார். இப்போது அவர் ஓய்வு. பையைத் திறந்து மேசையில் வைத்தார். உள்ளே என் கடதாசிகள். எண்ணெய் ஊறி, கசங்கி, மண் தட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக நேராக்கி அடுக்கப்பட்டிருந்தன.

"இதுல அல்லாட பேர் இரிக்கா, குர்ஆன் ஆயத் ஏதும் இரிக்கா என்டு எனக்கு வெளங்குதில்ல" என்றார் சேர். "எண்ணப் பிசுக்கோட வீதியில கிடக்கு. காலுல மிதிபடுது. கண்டதெல்லாம் பொறுக்கி, குர்ஆன் வெக்கிற உசரத் தட்டுல வெச்சிரிந்தன். இதுகள என்ன செய்யச் செல்லுறீங்க?"

காக்கா என்னைப் பார்த்தார். பேக்கரிக்காரரும் என்னைப் பார்த்தார்.

"சேர், அது தமிழ்" என்றேன்.

"எது?"

"இதான். இது கட்லட்."

சேர் சிரிக்கவில்லை. "படிச்ச புள்ள, இதுல பகிடி விடப்படாது" என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர்கள் கலையை மெச்சவில்லை. அரபு எழுத்துப் போட்ட கடதாசி வீதியில் கிடந்தால் நானும் குனிந்து எடுத்து உயரத்தில் வைப்பேன். அப்படி வளர்ந்தவள்தான் நான். ஊர் முழுக்க என் கட்லட்டைக் கண்ணில் ஒற்றி மதில் இடுக்குகளில் சொருகி வைத்திருக்கிறது. சிரிப்பு வந்தது, அடுத்த கணமே அறிக்கை நாளும் நினைவுக்கு வந்தது.

பேக்கரிக்காரர் முடிவோடுதான் வந்திருந்தார். "ஆக்கள் கடதாசி வேணாம் என்டு வெறுங்கையில வாங்கித் திண்டுட்டுப் போறாங்க. மிச்சக் கட்டுகளையெல்லாம் நீங்களே எடுங்க. நான் இதப் பாவிக்க மாட்டன்."

"எடுத்தும் என்ன செய்யிற?" என்று காக்கா தாடையைச் சொறிந்தார். "குப்பையில போட்டா ஊரு விடாது. பழைய குர்ஆன் தாள விடுற மாதிரிக் கடல்லதான் விடோணும்."

"கட்லட்டையா கடல்ல விடப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அந்த நேரத்தில் கேட்டிருக்கக் கூடாது. சேர் பையை மூடிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

அவர்கள் போன பிறகு காக்கா எனக்காக ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு கடதாசியிலும் 'இது அரபு அல்ல' என்று சீல் குத்திக் கொடுப்போம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டை வரைந்துவிட்டு, கீழே மாடு என்று எழுதி வைத்தால், வரைந்தவளுக்கு மாடு வரையத் தெரியாது என்றுதானே அர்த்தம்? அதை எந்த முகத்தோடு மிஸ்ஸுக்கு அனுப்புவேன்? ஏலாது என்றேன். "அப்ப ஒண்ட புள்ளி?" என்று கேட்டார். சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன். அறிக்கை கொடுக்க அதிக நாள் இல்லை. புதிதாக ஒரு வாடிக்கையாளரைத் தேடி, வரைந்து, அச்சடித்துப் பாவனைக்கு விடுவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. இந்தக் கடதாசிதான் எனக்கு இருந்த ஒரே வேலை. அதைக் கடலில் விடுவதென்றால் என்னையும் சேர்த்து விடட்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு, ஒரு தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். "உம்மா, இத ஒருக்கா வாசிங்க" என்று நீட்டினேன். உம்மா சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, சேலையில் துடைத்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டுதான் தாளை வாங்கினார். பெற்ற மகள் வரைந்த கட்லட்டுக்கு இவ்வளவு மரியாதை. பிறகு விரலை வலப் பக்கத்து மூலையில் வைத்து இடப் பக்கமாக நகர்த்தினார். ஒவ்வொரு புள்ளியிலும் விரல் நின்று அரபு எழுத்தைத் தேடியது.

"மேல ஒரு புள்ளி. அப்ப இது நூன். அங்கால இது பேயா, தேயா?"

"உம்மா, வரையக்குள்ளயே ஒங்களுக்குக் காட்டினன்தானே. தமிழ் என்டும் செல்லினன்."

"செல்லினதான் மகள்" என்றார். "ஆனா பாக்கக்குள்ள ஓதத்தான் வருது."

நான் கோபப்படவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு தருணம் அபூர்வம். அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழுத்துகளில் நிற்கவில்லை. புள்ளிகளில் மட்டும் நின்றது. எழும்பிப் போய் முகம் கை கால் கழுவி வுழூ செய்துவிட்டு, உயரத் தட்டில் இருந்த யாசீன் கிதாபை எடுத்து விரித்துப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து ஓதுகிற கிதாப். அதன் புள்ளிகளை அன்றைக்குத்தான் டிசைன் படித்தவளின் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொன்றும் சாய்சதுரம். நாணல் பேனையின் வெட்டு முனை பதிகிற வடிவம். எங்கள் ஊரில் பிள்ளைக்கு அலிஃப் சொல்லிக் கொடுக்கும் நாளிலிருந்து அந்தச் சாய்சதுரம் கண்ணுக்குள் குந்தியிருக்கிறது. அதைக் கண்டதும் கண் தானாகவே வலப் பக்கம் போய்விடுகிறது. வேறு எந்த ஊரிலாவது இந்தக் கடதாசியைக் கொடுத்திருந்தால் யாரும் ஒரு பேச்சும் பேசாமல் கசக்கி எறிந்திருப்பார்கள்.

மேசை லாச்சியில் கிடந்த தடித்த சிவப்புப் பேனையை எடுத்தேன். ஒவ்வொரு சாய்சதுரத்தின் மேலும், அது மறைகிற அளவுக்குப் பெரிய வட்டம் போட்டேன். மறுபடி உம்மாவிடம் நீட்டினேன். அவர் விரல் வலப் பக்கம் போய், தயங்கி, இடப் பக்கம் வந்தது.

"க... ட்... கட்லட்" என்றார். தாளைக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார். "இது ரோல்ஸ். அடியே, இது மாலு பணிஸ்." உம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த சோறு கொஞ்சம் அடிப்பிடித்தது. 

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அச்சக வாசலில் நின்றேன். டீசேர்ட்டுக்கு அலை அடிக்கிற திரைச்சட்டம் காக்காவிடம் இருந்தது. அதில் வெறும் வட்டங்களை மட்டும் வெட்டி ஏற்றி, மிச்சமிருக்கிற ஒவ்வொரு தாளிலும் சாய்சதுரத்துக்கு மேல் சிவப்பு வட்டத்தைக் கையால் அடிப்பது என் திட்டம். காக்கா முதலில் சம்மதிக்கவில்லை. "ஒனக்கென்ன விசரா புள்ள? எவ்வளவு தாள் இரிக்கி என்டு பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். மை செலவு என்றார். நிறைய மை தேவையில்லை, வெறும் புள்ளிதானே என்றேன். கடைசியில், "புள்ளிக்காகப் புள்ளி வெக்கப் போறாளாம்" என்று தனக்குள்ளேயே சொல்லிச் சிரித்துக்கொண்டு சட்டத்தை எடுத்துத் தந்தார். ஒரு நிபந்தனை, கோட் மாட்டுகிற வேலை நிற்கக் கூடாது.

நிற்கவில்லை. காலையில் கோட், பின்னேரம் புள்ளி. சட்டத்தை ஒரு மயிரிழை தப்பி வைத்தால் சிவப்பு வட்டத்துக்கு வெளியே சாய்சதுரத்தின் மூலை எட்டிப் பார்க்கும். அந்தத் தாளைத் தள்ளி வைக்க வேண்டும். முதல் நாள் அடித்ததில் பாதி அப்படிப் போனது. அடித்த தாளைக் காய வைக்க எங்கள் வளவில் கயிறு கட்டினேன். கடல் காற்று வந்து பறித்துக்கொண்டு போய் அடுத்த வீட்டுக் கோழிக்கூட்டில் போட்டது. உம்மா ஊரில் இருக்கிற உடுப்புக் கிளிப் எல்லாவற்றையும் இரவல் வாங்கி வந்தார். தோள்பட்டை விட்டுப் போயிற்று. கையில் ஏறிய சிவப்பைப் பார்த்து, "மருதோண்டி போட்டிரிக்கா, கல்யாணமா?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். இல்லை, கட்லட் என்றேன். வாப்பா வயலால் வந்து, கயிற்றில் தொங்குகிற தாள்களைக் குனிந்து கடந்து வீட்டுக்குள் போவார். ஒன்றும் கேட்க மாட்டார். அவர் கேட்காமல் இருக்க இருக்க எனக்கு வெறி ஏறியது.

எல்லாம் முடித்துக் கட்டிக்கொண்டு போனால், பேக்கரிக்காரர் கையை விரித்தார். வட்டத்தைப் பார்த்தார், தமிழை வாசித்தார், அவருக்கு விளங்கியும் விட்டது. இருந்தாலும் பயம். "ஊர் வாய மூட உலமூடி இல்ல தங்கச்சி" என்றார்.

"மூட வேணாம் காக்கா. வாசிக்க வெச்சாப் போதும். ஒரே ஒரு பின்னேரம் தாங்க. நானே நிண்டு சுத்திக் குடுக்கிறன்."

பொம்பிளைப் பிள்ளை பேக்கரிக்குள் நின்று கட்லட் சுற்றுவதா என்று அவர் இழுத்தார். உம்மாவும் வருவார் என்றேன். உம்மாவிடம் அதுவரை நான் கேட்கவில்லை. கேட்டபோது, "நான் என்னத்துக்குகா அங்க?" என்றவர், பின்னேர அசர் தொழுகைக்கு முன்பே அபாயாவைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

அசர் தொழுகை முடிந்து ஆட்கள் தேத்தண்ணிக்கு வரத் தொடங்கினார்கள். நான் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், மை பட்ட பக்கம் வெளியே இருக்கிற மாதிரிச் சுற்றிக் கொடுத்தேன். முதலில் வந்தவர்கள் கடதாசியைக் கண்டதும் கையைப் பின்னால் இழுத்தார்கள். எனக்கு நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிளாஸ்டிக் கதிரையில் இருந்த உம்மாதான் ஆரம்பித்தார். "வாங்க மனே. பயப்படாம வாசிங்க. இஞ்சால இரிந்து அங்கால வாசிங்க." மீன் லொறிக்காரர் ஒருவர் எழுத்துக் கூட்டி ரோல்ஸ் என்றார். அவர் கையில் இருந்ததும் ரோல்ஸ்தான். பக்கத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். 

அப்போது சேர் வந்தார்.  அவர் பெட்டிக்கு முன்னால் வந்து, என்னையும் பார்த்து, உம்மாவையும் பார்த்து, "ஒரு கட்லட்" என்றார். சுற்றிக் கொடுத்தேன்.  கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார். விரல் இல்லாமல் கண்ணாலேயே வாசித்தார். இடமிருந்து வலமாக.

"கட்லட்" என்றார். பிறகு, "பற்றிஸ்." பிறகு, "மாலு பணிஸ்."

"ஓம் சேர்" என்றேன்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் குர்ஆன் வெக்கிற தட்டுல மாலு பணிஸையா வெச்சிரிந்தன்?"

கடை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.  அங்கேயே நின்று கட்லட்டைக் கடித்தார். நிதானமாகத் தின்று முடித்தார். அந்தத் தாளிலேயே விரல்களைத் துடைத்தார். இன்னொரு தரம் விரித்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அதைக் கசக்கி உருட்டி, வாசலில் இருந்த குப்பை வாளிக்குள் போட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கையால் வரைந்து, என் கையால் அடித்த ஒன்றை என் கண் முன்னாலேயே ஒருவர் குப்பையில் போடுகிறார். அதைவிடச் சந்தோசமான காட்சியை நான் அதுவரை கண்டதில்லை. "மறுகா ரெண்டு ரோல்ஸ் கட்டித் தா புள்ள, வீட்ட கொண்டு போக" என்றார் சேர். கட்டிக் கொடுத்தேன். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் கடதாசியோடு வாங்கினார்கள், தின்றார்கள், துடைத்தார்கள், எறிந்தார்கள். பொழுது சாய்ந்து மஃரிபு வருமுன்னரே வாளி நிறைந்து வழிந்தது.

நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி, வாளிக்கு முன்னால் குந்திப் படம் எடுத்தேன். அறிக்கையில் சான்று என்ற பக்கத்தில் வைத்தது அந்தப் படத்தைத்தான். மிஸ் எனக்குப் போன் போட்டு, கடையின் உள்ளே எடுத்த வடிவான படம் ஒன்றும் இல்லையா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அதுவே போதும் என்றார். புள்ளி கிடைத்தது, படிப்பு முடிந்தது.

அன்றைக்கு அந்த வாளியடியில் எனக்கு இது எதுவும் தெரியாது. ரோல்ஸைத் தின்று முடித்த ஒருவர் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் விலகட்டும் என்று பார்த்து நின்றார்.

"என்ன புள்ள, குப்பையப் போயி படம் புடிக்கிறா?"

"ஓம் காக்கா" என்றேன். "ஒங்கடயையும் போடுங்க."